மேரி ரட்ணம் அம்மா

கடந்த மாதம் கொட்டாஞ்சேனையில் தாய்மார் கூட்டம் ஒன்றில் சேமிப்புக் குழு பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். கிராமத்துப் பெண்களைச் சங்கமாகச் சேர்க்கும் வேலையை இந்நாட்டில் யார் தொடங்கியது என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பட்டப்படிப்பு முடிக்கும் வரை எனக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

1873 இல் கனடாவில் பிறந்தவர் மேரி இர்வின். டொரொன்டோவில் மருத்துவம் படித்து, யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கான மிஷன் வைத்தியசாலையில் பணிபுரிய 1896 இல் இலங்கைக்கு வந்தார். ஆனால் எஸ்.சி.கே. ரட்ணம் என்ற தமிழ்க் கிறிஸ்தவரை அவர் மணக்க இருப்பது தெரிந்ததும், அமெரிக்க மிஷன் அவரை ஏற்க மறுத்துவிட்டது. கர்த்தரின் பணிக்கென்று கடல் கடந்து வந்த பெண்ணுக்குக் கர்த்தரின் ஆட்களே கதவைச் சாத்தினார்கள். வேறொருவராயின் அடுத்த கப்பலில் ஊர் திரும்பியிருப்பார். மேரி அவரையே மணந்து, கொழும்பில் குடியிருந்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். விசுவாசத்தையும் விடவில்லை.

1909 இல் உருவான தமிழ் மாதர் சங்கத்திலும், 1927 இல் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்திலும் அவர் முன்னின்று உழைத்தார். படித்த, வசதியான பெண்களுக்கு மட்டும் வாக்குக் கிடைத்தால் போதும் என்று அன்று பலர் நினைத்திருந்தார்கள். கிடைத்ததோ 1931 இல் 21 வயது நிரம்பிய எல்லோருக்கும். 1937 இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவான முதற் பெண்ணும் இவர்தான். குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவே கூசிய காலத்தில் அதைப் பற்றித் தாய்மாருக்கு எடுத்துச் சொன்னார். இதற்காக எதிர்ப்பையும் சந்திக்க நேரிட்டது.

1930 இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். அதற்கு முன்மாதிரி கனடாவின் மாதர் நிலையங்கள். அவற்றுக்கும் ஒரு தாயின் துயரமே வித்து. அசுத்தமான பாலால் தன் கைக்குழந்தை இறந்தது என்று நம்பிய அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற பெண், மற்றத் தாய்மாராவது சுகாதாரம் கற்கட்டும் என்று 1897 இல் முதல் நிலையம் உருவாகக் காரணமானார். மேரி அம்மா அந்த வித்தை நம் கிராமங்களில் ஊன்றினார். போஷாக்கு, சுகாதாரம், கைத்தொழில், எல்லாவற்றுக்கும் மேலாக நாலு பெண்கள் ஓரிடத்தில் கூடியிருந்து பேசும் பழக்கம். (இந்தக் கடைசிக்குத்தான் இன்றும் வீட்டில் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது!)

1958 இல், 85 ஆவது வயதில், பொதுச் சேவைக்கான மக்சேசே விருது அவருக்குக் கிடைத்தது. 1962 இல் காலமானார்.

இவ்வளவையும் அன்று கூட்டத்தில் சொல்லி முடித்தேன். பின்வரிசையில் செபமாலையுடன் இருந்த ஆச்சி ஒருவர் மற்ற எதையும் கேட்கவில்லை.

"கலியாணத்துக்காக வேலையை மறுத்தவை எண்டு சொன்னீங்களே பிள்ளை, பிறகும் அவ கோயிலுக்குப் போனவவோ?"

"போனவ ஆச்சி."

"அப்ப சரி" என்றார். பின், சேமிப்புப் புத்தகத்தில் தன் பெயரையும் எழுதச் சொன்னார்.