மீட்டுப் பார்க்காத பிரதி

வங்கிக் கணக்கின் மீதி, வைத்தியசாலையில் நோயாளியின் குறிப்பு, பிறப்புப் பதிவு, பரீட்சைப் பெறுபேறு ஆகிய யாவும் இன்று ஏதோவொரு கணினியில் வரிசையும் நிரலுமாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கே தரவுத்தளம். அதனைக் காத்து நிற்பவர் தரவுத்தள நிர்வாகி. அக்காலக் கச்சேரிகளில் பதிவேட்டறைக்குப் பொறுப்பாயிருந்த இலிகிதரின் வாரிசு என்று அவரைச் சொல்லலாம்.

என்னோடு பல்கலைக்கழகத்தில் பயின்ற நண்பர் ஒருவர் இத்தொழிலில் இருபத்தைந்து ஆண்டுகளைக் கழித்தவர். தொழிலின் சாரம் என்னவென்று கேட்டால் இப்படித்தான் சொல்வார்: "பிரதி எடுத்தாயா என்று என்னிடம் கேளாதே, கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தாய் என்று கேள்." ஆவணங்களைக் காப்பதாகச் சொல்லும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே என்பது என் துணிபு.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் நிகழ்ந்ததைப் பாருங்கள். மென்பொருள் எழுதுவோர் தம் ஆக்கங்களைச் சேமித்து வைக்கும் தளம் அது. இரவு நெடுநேரம் பணியிலிருந்த பொறியியலாளர் ஒருவர், துணைக் கணினியில் அழிக்க எண்ணிய கோப்புறையைத் தவறுதலாகப் பிரதான கணினியில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தியபோது, சுமார் 300 ஜிகாபைட் தரவில் 4.5 ஜிகாபைட் மட்டுமே எஞ்சியிருந்தது. அந்நிறுவனத்திடம் பிரதிக்கென ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. ஆபத்து வந்த வேளையில் அவற்றுள் எதுவும் எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை. நாளாந்தப் பிரதி எடுக்கும் நிரல், தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாத பழைய பதிப்பாக இருந்தமையால், அது தோற்றுக்கொண்டேயிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்றடையவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான்! வேறொரு பரீட்சார்த்தத் தேவைக்காக ஏறக்குறைய ஆறு மணித்தியாலங்களுக்கு முன் எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதியே அவர்களைக் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணித்தியாலத் தரவு திரும்பவில்லை. எனினும் அந்நிறுவனம் தனியொருவர் மீது பழியைப் போட்டு ஒதுங்காமல், நடந்த அனைத்தையும் பகிரங்கமாக எழுதி வைத்தது. நாம் அறிந்த நிறுவனங்களில் காண்பதற்கரிய பண்பு அது.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். ஒரு கணினியில் எழுதப்படுவது உடனுக்குடன் மற்றொன்றிலும் எழுதப்படும் ஏற்பாடு பல நிறுவனங்களில் உண்டு. முதலாவது பழுதடைந்தால் இரண்டாவது வேலையைத் தொடரும் என்பது உண்மையே. ஆனால் முதலாவதில் அழிக்கப்படுவது இரண்டாவதிலும் அழியும். கண்ணாடியில் தெரியும் முகத்தை இன்னொரு முகமென்று எண்ணலாமா?

நம் நாட்டுக்கு இப்பாடம் 2023 ஓகஸ்ட்டில் வந்தது. கப்பம் கோரும் தீநிரலொன்று இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் தொகுதியைத் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. தொகுதியோடு இணைந்திருந்த பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. இணைப்பிலிருந்து துண்டித்து வைத்த பிரதி இல்லாமையால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. வீட்டுத் திறப்பையும் மாற்றுத் திறப்பையும் ஒரே கோர்வையில் மாட்டி வைத்தால் தொலையும்போது இரண்டும் சேர்ந்தல்லவா தொலையும்?

வறிய நாட்டின் குறைபாடு இதுவென்று எண்ணிவிடாதீர்கள். தொழில்நுட்பத்துக்குப் பெயர்போன தென்கொரியாவில், 2025 செப்டெம்பர் 26 அன்று டேஜோன் நகரிலுள்ள அரச தரவு மையத்தில் மின்கலங்கள் தீப்பற்றின. அரச அலுவலர்கள் தம் பணிக் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் என்னும் களஞ்சியத்தில் 858 டெராபைட் எரிந்து போயிற்று. வெளியிடத்தில் பிரதி இல்லாமைக்குச் சொல்லப்பட்ட காரணம், தரவு மிகப் பெரிது என்பதாகும். பெரிது என்பதற்காகவன்றோ கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்!

நெருப்பையும் ஒற்றைப் பிரதியையும் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சேறிய நூலுக்கு உலகில் வேறெங்காவது ஒரு பிரதி இருந்திருக்கும். படியெடுக்கப்படாத ஓலைச்சுவடிக்கும் கையெழுத்துப் பிரதிக்கும் அந்த வாய்ப்பு இல்லை. நூலகம் மீண்டும் கட்டி எழுப்பப்பட்டது. அவை திரும்பவில்லை.

நம் முன்னோர் இதனை அறியாதவர்களல்லர். ஓலை செல்லரிக்குமுன் புதிய ஓலையில் படியெடுப்பது அவர்களுடைய வழக்கம். சிறுப்பிட்டி தந்த சி.வை. தாமோதரம்பிள்ளை, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து ஏடுகளைத் தேடித் திரட்டி ஒப்பிட்டார். பிரதிகள் வெவ்வேறு வீடுகளிலும் மடங்களிலும் சிதறிக் கிடந்ததே அந்நூல் பிழைத்தமைக்குக் காரணம். அவற்றை ஒருவர் விரித்து வாசித்துப் பார்த்ததே அது நம் கைக்கு வந்தமைக்குக் காரணம்.

பீற்றர் குரோக் என்னும் புகைப்படக் கலைஞர் 2005ஆம் ஆண்டளவில் பரப்பிய விதியும் இதையே எண்களில் சொல்கிறது: மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்களில், ஒன்று வேறிடத்தில். நண்பர் இதனோடு நான்காவதொன்றைச் சேர்ப்பார்: மாதம் ஒருமுறை மீட்டுப் பார். வேறொரு கணினியில் பிரதியைத் திறந்து, பதிவுகளின் தொகையை எண்ணி, நாலைந்தை வாசித்து, எவ்வளவு நேரம் சென்றது என்று குறித்து வை.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆயினும் சிறு சங்கமொன்றின் ஆவணங்களுக்கு இரண்டு வன்தட்டுகளும், அவற்றை வைக்க இரண்டு ஊர்களும், பொறுப்பான ஒருவரும் போதும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் பணியைப் பார்த்து, எல்லாம் காப்பாற்றப்பட்டுவிட்டதென்று நாம் ஆறுதல் கொள்கிறோம். ஊர்ச் சங்கப் பதிவேடுகள், பாடசாலை மலர்கள், இடப்பெயர்வுகளைத் தாண்டி வந்த குடும்பப் புகைப்படங்கள் எனப் பெருந்தொகை இன்னமும் யாரோ ஒருவரின் ஒற்றை வன்தட்டில்தான் இருக்கிறது. அது லண்டனில் இருந்தாலென்ன, ரொறன்ரோவில் இருந்தாலென்ன, வல்வெட்டித்துறையில் இருந்தாலென்ன?

உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்து முடிந்ததும் எழுந்து, ஆவணங்களைக் கடைசியாக மீட்டுப் பார்த்த திகதி என்னவென்று கேளுங்கள். பதில் வராவிட்டால், அடுத்த கூட்டத்துக்கு முன் பார்ப்பதற்கு ஒருவரை அங்கேயே நியமியுங்கள்.