ஊசியைப் பழிப்போரே, கேளீர்!

இன்சுலின் நஞ்சாம்! ஒருமுறை ஊசி ஏறினால் உயிருள்ளவரை இறங்காதாம்! மாத்திரை தின்றால் சிறுநீரகம் மடிந்துவிடுமாம்! திண்ணையில் பிறந்த இந்த மூடமொழி, இன்று கைப்பேசித் திரையிலும் கொலு வீற்றிருக்கிறது. சொல்வோர் யார்? மருத்துவம் பயின்றோரா? இல்லை. பச்சிலைப் பொட்டலத்தைப் பலநூறு ரூபாய்க்கு விற்போரும், 'முன்வினை' என்று முகம் சுளித்து முடித்துவிடுவோருமே சொல்கின்றனர். நாம் பட்டம் பெற்றது கலைப்பாடத்தில், கற்பிப்பது தமிழ். எனினும், உடலைப் பற்றிய உண்மை மருத்துவர்க்கு மட்டுமே உரிய மறைபொருள் அன்று என்பதால் பேசத் துணிகிறோம்.

உண்ட சோறு குடலில் சர்க்கரையாகிக் குருதியில் கலக்கிறது. கலந்தால் போதுமா? தசைக்குள் சென்றாலன்றோ அது உழைப்பாக மாறும்! வயிற்றுக்குப் பின்னே கிடக்கும் கணையத்தில், சின்னஞ்சிறு தீவுகளைப் போன்ற உயிரணுக் கூட்டங்கள் உண்டு. 1869இல் லாங்கர்ஹான்ஸ் கண்டு காட்டியவை. அங்குள்ள பீட்டா அணுக்கள், குருதியில் சர்க்கரை ஏறியதும் இன்சுலினைச் சுரக்கின்றன. இன்சுலின் தானே சர்க்கரையைத் தூக்கிச் செல்வதில்லை. தசையணுவின் வாயிலில் நின்று மணியடிக்கிறது. உள்ளே ஒதுங்கிக் கிடக்கும் சுமையாட்கள் விளிம்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே ஏற்றுகின்றனர். அதே வேளையில் கல்லீரலுக்கும் ஆணை பறக்கிறது: வந்ததைச் சேமி, புதிதாகச் செய்து கொட்டாதே!

அந்தத் தூதன் வராவிட்டால்? குருதியில் வெள்ளம், தசையில் வறட்சி! பசித்த உடல் தன் கொழுப்பையே கரைக்கிறது. அதில் விளையும் கீட்டோன்கள் குருதியை அமிலமாக்குகின்றன. மூச்சு இரைக்கிறது, நினைவு மங்குகிறது, உயிர் பிரிகிறது. உடலின் காவற்படையே பீட்டா அணுக்களைப் பகையெனக் கருதி அழித்துவிடுவதால் வருவது முதல் வகை நீரிழிவு. காவற்படை தடுமாறியதற்குப் பத்து வயதுச் சிறுமி எந்தப் பிறவியில் என்ன பாவம் செய்தாள்? சொல்லட்டும் வினைக்கணக்கு எழுதுவோர்!

1922 சனவரியில், கனடாவின் டொராண்டோ மருத்துவமனையில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன் எலும்புக்கூடாய்க் கிடந்தான். அன்றைய மருத்துவம் அறிந்திருந்த ஒரே வழி பட்டினி. சாவைச் சற்றே தள்ளிவைக்கும் பட்டினி. பாண்டிங், பெஸ்ட் இருவரும் விலங்கின் கணையத்திலிருந்து எடுத்த சாறு 11ஆம் நாள் அவனுக்குச் செலுத்தப்பட்டது. பெரும்பயன் இல்லை, ஊசி போட்ட இடமும் சீழ்வைத்தது. 'விதி' என்று கைகட்டி நின்றார்களா? காலிப் என்பார் சாற்றை மேலும் தூய்மையாக்கினார். 23ஆம் நாள் மீண்டும் செலுத்தினர். சர்க்கரை இறங்கியது, சிறுவன் எழுந்தான்! மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இதைத்தானா நஞ்சு என்கிறீர்கள்?

'மாத்திரையாகத் தரலாமே, ஏன் குத்துகிறார்கள்?' என்பது நேர்மையான கேள்வி. இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால், பருப்பைச் செரிப்பதுபோல் வயிறு அதையும் சிதைத்துவிடும். ஆகவே ஊசி.

'தொடங்கினால் விடாது' என்கிறார்கள். முதல் வகையில் விடமுடியாதுதான். ஊற்று வற்றிய வீட்டில் நாள்தோறும் குடம் சுமப்பதைக் குடத்தின் குற்றம் என்போமா? இரண்டாம் வகையினர்க்கு அறுவை வேளையில் தொடங்கிப் பின் நிறுத்துவதும் உண்டே!

மாத்திரைகளும் மந்திரமல்ல. மெட்ஃபார்மின், கல்லீரல் கொட்டும் சர்க்கரையைக் குறைக்கிறது. கிளிமிபிரைடு, பீட்டா அணுவைத் தட்டியெழுப்பிச் சுரக்கச் செய்கிறது; அணுவே அழிந்தவர்க்கு அது எப்படிப் பயன்படும்? அண்மைக்காலத்து மருந்துகளில் ஒருவகை, மிகுந்த சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. சிறுநீரகத்தைக் காக்கவும் உதவுகிறது. சிறுநீரகம் மிகவும் நலிந்தபின் மெட்ஃபார்மினை மருத்துவர் நிறுத்துவது உண்மை. அது வெளியேறும் வழி சிறுநீரகம் என்பதால். நலிவித்தது அடங்காத சர்க்கரை, பழி சுமப்பது மாத்திரை! குடை பிடித்தவனைக் காட்டி, மழைக்குக் காரணம் இவனே என்பது போலன்றோ இருக்கிறது இது!

இவ்வளவும் ஏன் எழுதுகிறோம்? ஊசி போடும் பெண்ணை யார் மணப்பார் என்றஞ்சி, மகளின் மருந்தைச் சமையலறைப் பானைக்குப் பின்னே ஒளிக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். பள்ளியில் தோழியர் காணக்கூடாதென்று நண்பகல் ஊசியை விட்டுவிடும் மாணவியர் இருக்கிறார்கள். மறைக்கச் சொன்னது யார்? அவள் நாணத்தக்க எதையும் செய்தாளில்லை. நாணவேண்டியது, அவளை நாணவைத்த ஊர்!

உடன்பணியாற்றும் ஆசிரியத் தோழர்களே, உங்களையும் கேட்கிறோம். ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை நேரத்தில் உண்ணாவிடில் சர்க்கரை அளவுக்குமேல் இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சுக் குழறும். அப்போது மிட்டாயை வாயிலிட்டால், 'வகுப்பில் தின்கிறாயா?' என்று பிரம்பெடுப்பதா ஒழுங்கு? நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2017இலேயே, நீரிழிவுள்ள மாணவர் தேர்வுக்கூடத்திற்குள் தின்பண்டம் கொண்டுசெல்ல இசைந்ததே! தேர்விலேயே தகுமெனில் பாடவேளையில் தகாதா? மேசை இழுப்பறையில் சுண்ணக்கட்டியோடு சிறிது சர்க்கரையும் இருக்கட்டும். நடுக்கம் கண்டால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.