கட்டளை பிறந்த ஆண்டு எது?

பெருங்கணினிக்கு ஒரு கட்டளை எந்த ஆண்டில் வாய்த்தது என வினவினால், கைந்நூலைப் புரட்டி ஆண்டைச் சுட்டிவிடலாம் என்றே நம்மிற் பலரும் எண்ணுவோம். கைந்நூல் கூறுவதோ கட்டளையின் பெயரையும் பயனையுமே. உள்ளிருந்து அதனைச் செய்வது எது என்பதை அங்கே காணோம்.

1964 ஏப்ரல் 7ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனத்தார் சிஸ்டம்/360 என்னும் கணினிக் குடும்பத்தை அறிவித்தனர். சிறிய இயந்திரமும் பெரிய இயந்திரமும் ஒரே கட்டளைகளுக்குப் பணியும் என்பது அதன் தனிச்சிறப்பு. வணிகக் கணக்கிற்குரிய தசமக் கட்டளைகளும் அவற்றுள் அடங்கும். ஆனால் மாதிரி 30இல் கட்டளைகளை நடத்தியது, துளையிட்ட மெல்லிய தகடுகளிற் பதித்து வைத்த நுண்நிரல். விஞ்ஞானிகளுக்கென அமைந்த மாதிரி 91இலோ தசமக் கட்டளைகளுக்குச் சுற்றே இல்லை! அத்தகைய கட்டளை எதிர்ப்பட்டதும் இயந்திரம் இடைநிற்கும். மென்பொருள் வந்து அவ்வேலையை முடித்துக் கொடுக்கும். பெரிய இடத்துப் பிள்ளைக்குச் சில்லறை எண்ணத் தெரியாத கதைதான்.

சில்லறையோ சிறு விடயமன்று. பத்தில் ஒன்றைத் துவித எண்களில் முடிவுற எழுத இயலாது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதப் புகுந்தாற்போல நீண்டுகொண்டே செல்லும். ஒரு ரூபாவும் அரைச் சதமுமாகிய 1.005ஐத் துவித மிதக்கும் புள்ளி முறையில் வைத்தால், மயிரிழை குறைந்தே தங்கும். சதத்திற்கு மட்டந்தட்டும்போது 1.01 வரவேண்டிய இடத்தில் 1.00 வந்து நிற்கும். ஒரு சதந்தானே என்று நாம் சொல்லலாம். இலட்சக்கணக்கான கணக்குகளை ஓரிரவில் முடிக்கும் வங்கி சொல்லாது.

பழைய தசமக் கட்டளைகள் பிழையின்றிக் கூட்டும். ஆனால் புள்ளி எங்கே நிற்கின்றது என்பதை நிரல் எழுதுபவரே நினைவில் வைத்திருத்தல் வேண்டும். அப்பொறுப்பையும் தானே ஏற்கும் தசம மிதக்கும் புள்ளிக் கட்டளைகள், 2005இல் அறிமுகமான இசட்9 இயந்திரத்திற் பிற்பாடு சேர்ந்தன. கைந்நூலின்படி பெருங்கணினியில் அவை பிறந்தது அங்கேதான். எனினும் அங்கும் உழைத்தது உள்நிரலே. அவற்றுக்கெனச் சிலிக்கனில் தனிச் சுற்று அமைந்தது, 2008 பெப்ரவரியில் அறிமுகமான இசட்10இல். (அதே நிறுவனத்தின் பவர்6 செயலி 2007இலேயே அத்தகைய சுற்றைப் பெற்றிருந்தது; அது பெருங்கணினி வழியில் வந்ததன்று.)

ஆகவே, வன்பொருளில் எப்போது என்று கேட்பவருக்கு 2008 என்றே நாம் விடை கூறுவோம். நிரல் எழுதியவருக்கோ வேகத்திலன்றி வேறுபாடு தெரிந்திராது. இசட்9இற்கென எழுதிய கட்டளை இசட்10இலும் ஓரெழுத்து மாறாமல் ஓடியது.