விசாரணை லயத்து வாசலில் தொடங்கட்டும்

பெரிய இடத்துப் பெயர் அடிபடும் பாலியல் கொடுமை வழக்கொன்று மீண்டும் கிளறப்படும்போதெல்லாம் இரண்டு கேள்விகளே உரக்க ஒலிக்கின்றன. இதனால் எந்தக் கட்சிக்கு இலாபம்? எந்தத் தலைவருக்கு நட்டம்? பிள்ளையை வீட்டிலிருந்து கூட்டிச் சென்றவர் யார், அவர் இதற்கு முன் எத்தனை பிள்ளைகளைக் கூட்டிச் சென்றார் என்ற கேள்வி அந்த இரைச்சலில் அமுங்கிப் போகிறது. மலையகம் இந்த அநியாயத்தைத் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்து அறிந்திருக்கிறது.

2021 ஜூலை 3ஆம் திகதி, டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி கடும் தீக்காயங்களுடன் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டாள். முன்னாள் அமைச்சரும் அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினருமான ரிஷாட் பதியுதீனின் இல்லத்தில் அவள் வீட்டுவேலை செய்துவந்தாள். 15ஆம் திகதி உயிர் பிரிந்தது. அவள் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளாகியிருந்தாள் என்று பிரேத பரிசோதனை சுட்டிக்காட்டியது. மலையக நகரங்களில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். ஜூலை 30ஆம் திகதி டயகமவில் அவளது உடல் தோண்டியெடுக்கப்பட்டு, பேராதனையில் மீண்டும் பரிசோதிக்கப்பட்டது. வீட்டாரும் தரகர் ஒருவரும் கைதானார்கள். அதே வீட்டில் முன்னர் வேலைசெய்த பெண்களிடமும் விசாரணை நீண்டது.

யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. அந்த மரணம் எப்படிக் கையாளப்பட்டது என்று கேட்பது எமது கடமை. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் தொடர்பில் ரிஷாட் பதியுதீன் தடுப்புக் காவலில் இருந்த காலம் அது. அவருடைய எதிரிகளுக்கு அவரையும் அவர் சார்ந்த சமூகத்தையும் தாக்க அச்சிறுமியின் படம் ஆயுதமானது. அவரது ஆதரவாளர்களோ எல்லாமே அரசியல் பழிவாங்கல் என்றார்கள். ஏழைத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தியின் மரணம் இரு சமூகங்களுக்கிடையிலான பகையாகத் திரிக்கப்பட்டது. சுவரொட்டிகளில் அவள் பெயர் போதுமான அளவு ஒட்டப்பட்டுவிட்டது. நாம் அதை இங்கு அச்சிடவில்லை.

அமெரிக்காவிலும் இதுவே நடக்கிறது. ஜெப்ரி எப்ஸ்டீன் 2008இல் புளோரிடாவில் சலுகை உடன்பாடு ஒன்றினால் சொற்ப காலச் சிறையோடு தப்பினார். 2019இல் மீண்டும் கைதாகி, சிறையிலேயே இறந்தார். 2025 நவம்பரில் அவர் குறித்த ஆவணங்களை வெளியிடும் சட்டம் கையெழுத்தானது. அதே மாதம், எப்ஸ்டீனுடன் தொடர்பிருந்ததாகக் கூறி எதிர்க்கட்சிப் பிரமுகர்களை விசாரிக்குமாறு ஜனாதிபதி ட்ரம்ப் நீதித் திணைக்களத்திடம் கேட்டார். நாடாளுமன்றக் குழு வெளியிட்ட ஆவணங்களில் பாதிக்கப்பட்ட பெண்களின் பெயர்கள் மறைக்கப்படவில்லை என்று அவர்களின் சட்டத்தரணிகள் முறையிட வேண்டியதாயிற்று. ஆயினும் அந்த வழக்கில் நாம் கற்க ஒன்று உண்டு. சிறுமிகளைத் தேடிப்பிடித்து எப்ஸ்டீனிடம் சேர்த்த கிலேன் மெக்ஸ்வெல்லுக்கு 2022இல் 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஆள் சேர்த்தவரும் குற்றத்தின் நடுவில் நிற்பவர்தான் என்பதை அந்நாட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

எமது தோட்டங்களில் ஆள் சேர்ப்பவர் அந்நியர் அல்லர். லயத்துக்கு வந்து தேநீர் குடித்து, கடன் விபரம் கேட்டு, முற்பணம் கொடுத்துப் பிள்ளையைக் கூட்டிப்போகும் தெரிந்த முகம் அவர். டயகமச் சிறுமி இறந்த ஆண்டில்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என வர்த்தமானியில் வந்தது. கொழுந்து நிறை குறைந்தால் அதுவும் அரைப்பேராகிவிடும், அதாவது அரைநாள் சம்பளமாகிவிடும். அந்த அரைப்பேர்தான் தரகரின் மூலதனம். கொழும்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் அதே வழியில்தான் தாய்மார் வளைகுடாவுக்கும் போகிறார்கள். சுற்றுலா விசாவில் ஓமானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இலங்கைப் பெண்கள் விற்கப்பட்ட விவகாரம் 2022இல் வெடித்தபோது, மஸ்கட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் அதிகாரி ஒருவரே கைதானார்.

அரசியல் சத்தம் எழாவிட்டால் டயகமவில் உடல் தோண்டப்பட்டிருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2009இல் மஸ்கெலியாப் பகுதித் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன இரு சிறுமிகள் கால்வாயொன்றில் சடலமாக மிதந்தார்கள். அங்கே பெரிய பெயர் எதுவும் இல்லை. நாடு விரைவில் மறந்தது. ஆகவே சத்தம் வேண்டும். ஆனால் தலைவரின் பெயருக்காக எழும் சத்தம் அந்தத் தலைவரின் செய்தி பழையதாகும் நாளில் ஓய்ந்துவிடும். பிள்ளைக்காக எழும் சத்தமே வழக்கு முடியும்வரை நிற்கும்.

சட்டம் கையில் இருக்கிறது. பாலியல் சுரண்டலுக்கோ கட்டாய வேலைக்கோ சிறுவரைச் சேர்ப்பது, தண்டனைச் சட்டக்கோவையின் 360சி பிரிவின்படி, 2006ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு 20 ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். சிறுவர் சம்மதித்தார் என்பது அங்கே எதிர்வாதமாகாது. 16 வயதுவரை கல்வி கட்டாயம். வேலைக்கான குறைந்தபட்ச வயதும் 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. குறை இவற்றைத் தோட்டத்தில் நடைமுறைப்படுத்துவதில் இருக்கிறது.

எனவே நாம் கேட்பவை இவை. முதலாவது, இத்தகைய ஒவ்வொரு வழக்கிலும் தரகரின் வங்கிக் கணக்கும் தொலைபேசிப் பதிவும் ஆராயப்பட்டு, அவர் முன்னர் அனுப்பிய பிள்ளைகள் அனைவரும் தேடிக் கண்டறியப்பட வேண்டும். இரண்டாவது, பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயன் லயத்துப் பெற்றோருக்கும் கிடைக்க வேண்டும். வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைச் சட்டமா அதிபர் திணைக்களமும் பொலிஸாரும் அவர்களுக்குத் தமிழில், எழுத்தில் அறிவிக்க வேண்டும். மூன்றாவது, பாடசாலையிலிருந்து இடைவிலகும் ஒவ்வொரு பிள்ளையும் எங்கே போனது என்பதை அதிபரும் கிராம உத்தியோகத்தரும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்குத் தெரிவிக்க வேண்டும். அச்சபையின் 1929 இலக்கம் தொழிலாளர் காலையில் கூடும் ஒவ்வொரு பெரட்டுக் களத்திலும் தமிழில் எழுதப்பட வேண்டும்.

மலையகக் கட்சிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இதில் தனிப் பொறுப்பு உண்டு. எந்த வீட்டில் யார் சந்தா கட்டவில்லை என்று தோட்டத் தலைவருக்குத் தெரியும். எந்த வீட்டுப் பிள்ளையைக் காணவில்லை என்பது தெரியாமலா போகும்? கொழும்பு அரசியல்வாதிக்கு எதிராக ஹட்டனில் கொடி பிடித்தவர்கள், தமது தோட்டத்துத் தரகருக்கு எதிராகப் பொலிஸில் ஒரு முறைப்பாடாவது பதிவு செய்யட்டும். அவர் தமது சங்கத்து ஆளாக இருந்தாலும், தமக்கு வாக்குச் சேர்த்துத் தருபவராக இருந்தாலும் செய்யட்டும். அதைச் செய்யாதவர்களுக்கு எந்தச் சிறுமியின் படத்தையும் ஏந்தி ஊர்வலம் போகும் உரிமை கிடையாது.