ரோலை மெல்லச் சுற்றுங்கள்

நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்ததுமே தெரிந்துவிட்டது. ஓரத் துளை ஒன்றிலிருந்து கிளம்பி, படத்துக்குள் ஒரு கறுப்புக் கொடி ஓடியிருந்தது. பாதியில் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி கிளைத்து, நுனியில் மயிரிழையாகத் தேய்ந்திருந்தது. அச்சிட்டால் அதுவே வெள்ளை மின்னல்.

"லேப்ல கெடுத்துட்டாங்க மாமா. இனிமே அங்க குடுக்க மாட்டேன்" என்றாள் எங்கள் தெருப்பெண். தாத்தாவின் கேமராவை எடுத்துக்கொண்டு டிசம்பரில் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போய் வந்தவள்.

இதே பழியை நானும் ஒருவர் மேல் போட்டிருக்கிறேன். 1993 பிப்ரவரியில் ஒரு பத்திரிகைக்காக லே நகரத்துக்குப் போயிருந்தேன். கடல் மட்டத்துக்கு மேல் 3,500 மீட்டர் உயரத்தில் எலும்பை உறைய வைக்கும் வறண்ட குளிர். நைலான் ஜாக்கெட்டைக் கழற்றினால் இருட்டில் படபடவென்று பொறி பறக்கும். கேமராவில் மோட்டார் டிரைவ் பூட்டி, திக்ஸே மடத்துத் துறவிகளை இரண்டு ரோல் எடுத்தேன். விரல் விறைத்துப் போனதால் அவசர அவசரமாக ரீவைண்ட் செய்தேன். கும்பகோணம் திரும்பிக் கழுவியபோது முக்கால்வாசிப் படங்களில் மரம் முளைத்திருந்தது. லேப்காரரிடம் கத்தினேன். பதினைந்து வருடப் பழக்கம் அன்றோடு அறுந்தது.

உண்மை பிறகுதான் புரிந்தது, அதுவும் என் சொந்த இருட்டறையில். 120 ரோலில் ஃபிலிமையும் காகிதத்தையும் ஒட்டியிருக்கும் டேப்பை வெடுக்கென்று பிரித்தேன். ஒட்டு விடும் இடத்தில் நீலமாக ஓர் ஒளிக்கோடு எழுந்து அணைந்தது. விளக்கில்லாத அறையில், என் விரல்களுக்கு நடுவே! ஃபிலிமுக்கு வெளிச்சம் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்குமே, அதே சங்கதிதான். பிளாஸ்டிக் ஃபிலிம் பிரஷர் பிளேட்டிலும் கேசட் வாயிலிருக்கும் வெல்வெட்டிலும் உரசிக்கொண்டு ஓடும்போது மின்னூட்டம் சேர்கிறது. சேர்ந்தது பொறியாகக் குதித்தால் அந்தப் பொறியின் ஒளியே படமாகப் பதிந்துவிடும். ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்து இயற்பியலாளர் லிக்டன்பெர்க் 1777-இல் பிசின் தட்டில் தூசி தூவிப் பார்த்த கிளை உருவமும் இதுவே. நெகட்டிவில் ஒட்டிய தூசியைத் துடைக்கலாம். இது கழுவுவதற்கு முன்பே பதிந்தது, துடைத்தால் போகாது.

நம் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தராததற்கு நம் காற்றுதான் காரணம். ஈரக்காற்றில் பொருள்களின் மேல் படியும் மெல்லிய ஈரம், மின்னூட்டத்தை வடித்துவிடும். 30 வருடம் கல்யாணம் எடுத்த கைகளுக்குக்கூட இந்தத் தொல்லை தெரியாது. ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. இன்று பழைய கேமரா வாங்கும் பிள்ளைகள் அதை ஸ்பிதிக்கும் ஜெய்சால்மருக்கும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். விற்கிறவர்கள் ஷட்டர் சத்தத்தைக் கேட்க வைக்கிறார்கள், லென்ஸில் பூஞ்சை இல்லை என்று காட்டுகிறார்கள். ரோலை எப்படிச் சுற்றுவது என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. சொல்ல வேண்டும். லேப்காரர்களும் இப்படிப்பட்ட நெகட்டிவைப் பேசாமல் உறையில் போட்டுக் கொடுக்காமல், இன்னதால் வந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். குளிர்காலத்து வறட்சியில் இருட்டறையில் ஃபிலிமை வேகமாக உருவினால் அங்கேயும் இது வரலாம், அதையும் மறைக்கக் கூடாது.

இன்னொன்றையும் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். சினிமா கேமராவில் ஃபிலிம் வினாடிக்கு 24 கட்டம் ஓடும். அதனால் சினிமா நெகட்டிவின் முதுகில் கோடாக் பல்லாண்டுகளாக ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சைப் பூசி வந்தது. பின்னாலிருந்து ஒளி திரும்பாமல் தடுப்பதோடு மின்னூட்டத்தை வடிப்பதும் அதன் வேலை. அந்தப் பூச்சை நீக்கிய ரோல்களை இப்போது இளைஞர்கள் விரும்பி வாங்குகிறார்கள். விளக்குகளைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழும், பார்க்க அழகுதான். பனிமலைக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள் என்பேன்.

அந்தப் பெண்ணை உட்கார வைத்து, வீணான ரோல் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். வறண்ட ஊரில் மோட்டார் வேண்டாம், லீவரை மெல்லத் தள்ளு, டேப்பை அங்குலம் அங்குலமாகப் பிரி, காய்ந்த நெகட்டிவைத் துணியால் தேய்க்காதே, ரப்பர் பல்பால் ஊது என்றேன். பிறகு ரீவைண்ட் செய்யச் சொன்னேன். முதல் தடவை பத்து வினாடியில் முடித்துவிட்டாள்.

"36 படத்துக்கு ஒரு நிமிஷமாவது ஆகணும் கண்ணு. காதுக்கிட்ட வச்சுக் கேளு, சரசரன்னு சத்தம் வந்தா வேகம் ஜாஸ்தி."

மறுபடி சுற்றினாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் பத்து வினாடி.