பயர்வோலை நிப்பாட்டாதேங்கோ

ரிமோட் டெஸ்க்டொப் வேலை செய்யேல்லை எண்டவுடன், 'பயர்வோலை நிப்பாட்டு, இல்லாட்டி எல்லாத்தையும் திரும்ப இன்ஸ்டோல் பண்ணு' எண்டு சொல்லிக்குடுக்கிறதை முதலில் நிப்பாட்டுவம். கொக்கிளாயில் இருந்து போன் டேட்டாவை நம்பி, வீட்டுக் கொம்பியூட்டரில் லினக்ஸ் படிக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு இன்ஸ்டோலும் காசு.

லினக்ஸ் பெரும்பாலும் காரணத்தை எழுதித்தான் வைக்கிறது. இணைப்பே கிடைக்கவில்லையா? எக்ஸ்ஆர்டிபி ஓடுகிறதா, 3389 போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறதா எண்டு பாருங்கோ. கடவுச்சொல் குடுத்த பிறகு கறுப்புத் திரையா? அப்ப பயர்வோல் குற்றவாளி இல்லை. அதே பயனர் அந்தக் கொம்பியூட்டரில் ஏற்கனவே நேரடியாக உள்நுழைந்திருக்கலாம். வெளியேறிவிட்டு முயலுங்கோ. மிச்சத்தை செஸ்மன் லொக் சொல்லும்.

3389ஐ உலகத்துக்கே திறந்துவிட்டால் கடவுச்சொல்லை ஊகிக்கிற நிரல்கள்தான் முதலில் வரும். எஸ்எஸ்எச் சுரங்கத்துக்குள்ளால போனால் அந்தக் கதவே தேவையில்லை. லொக்கை வாசிக்கப் பழக்காமல் பூட்டைக் கழட்டச் சொல்லுறதுக்குப் பேர் படிப்பிக்கிறதா?