போன மின்சாரம் திரும்பும்போது

மின்சாரம் போய்விட்டால் நம்மவர்கள் முதலில் விசிறியைத் தேடுகிறார்கள். பிறகு பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிறார்கள். அங்கேயும் இருட்டு என்று தெரிந்தால் மனத்தில் ஒரு நிம்மதி பிறக்கிறது. சற்று நேரம் கழித்து விளக்கு எரிந்துவிட்டாலோ, குழந்தைகள் போடும் ஆரவாரத்தில் தெருவே கலகலக்கிறது. நாம் சொல்ல வந்த விஷயம், பயப்படவேண்டிய வேளை இந்த ஆரவார வேளைதான் என்பது. மின்சாரத் தடையால் கெட்டுப்போகும் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பல, மின்சாரம் போகையில் கெடுவதில்லை. திரும்பி வருகையில்தான் கெடுகின்றன.

விருதுநகர் ஜில்லாவாசிகளுக்கு மின்வெட்டைப் பற்றி யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. 2012-ஆம் ஆண்டில் சென்னைக்கு 2 மணி நேரம் வெட்டு. தென் ஜில்லாக்களிலோ பல நாட்களில் 10 மணிக்கும் மேலே போயிற்று. அதே ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா முழுவதும் இருண்டுபோனதே, அந்தப் பேரிருட்டு நம்மைத் தொடவில்லை. ஏனெனில் தென்னாட்டு மின்வலை அப்போது வடக்கு வலையோடு ஒன்றாக இணைக்கப்படவில்லை. ராய்ச்சூர் – சோலாப்பூர் வழியாக அது இணைந்தது 2013 டிசம்பர் 31-ஆம் தேதிதான். ஆகையால் தப்பினோம். தப்பினோம் என்பது பேச்சுக்குச் சொல்வது. நாம்தான் நம்முடைய சொந்த இருட்டிலேயே இருந்தோமே!

அந்த நீண்ட வெட்டுக்கள் இப்போது இல்லை. ஆனால் ஆடிக் காற்று இருக்கிறது. கோடை மழையின் இடி இருக்கிறது. பராமரிப்புக்காக முன்னறிவித்து நிறுத்தும் நாட்கள் இருக்கின்றன.

சிவகாசியில் நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு அச்சகங்களுக்குக் காலண்டர் சித்திரங்கள் அமைத்துக் கொடுக்கிறவர். வருகிற ஆண்டின் காலண்டர் ஆல்பங்களை ஆடிப் பெருக்கன்று வெளியிடுவது அவ்வூர் வழக்கம் என்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம். ஆகவே ஆடி பிறந்தால் அவருக்கு இரவு பகல் கிடையாது. அத்தகைய ஒரு நாள் மாலையில் காற்று வீசிற்று, மின்சாரம் போயிற்று. இருபது நிமிஷத்தில் வந்தது. குழல் விளக்கு என்றுமில்லாத பிரகாசத்துடன் எரிந்தது, விசிறி பறந்தது, கம்ப்யூட்டரில் 'டப்' என்று ஒரு சப்தம். அவ்வளவுதான்.

பழுது பார்ப்பவர் ஒருவர் வந்து, "மதர்போர்டு போய்விட்டது, புதிதாகவே வாங்கிவிடுங்கள்" என்று தீர்ப்புக் கூறினார். அன்பர் அயர்ந்துபோனார். இரண்டு மாத உழைப்பு அந்தப் பெட்டிக்குள் அல்லவா இருந்தது? நம்மிடம் படித்துத் தேறிய பையன் ஒருவன் மறுநாள் காலையில் வந்து திறந்து பார்த்தான். போனது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டி ஒன்றே. ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினான். சித்திரங்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. அன்பரின் மனைவி அன்றைக்கு அந்தப் பையனுக்குப் போட்ட சாப்பாட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

நடந்தது என்ன? ட்ரான்ஸ்பார்மரிலிருந்து தெருவுக்கு மூன்று பேஸ் கம்பிகளும் நியூட்ரல் என்ற ஒரு கம்பியும் வருகின்றன. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட். காற்றில் நியூட்ரல் அறுந்தால், வெவ்வேறு பேஸிலுள்ள வீடுகள் அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கும் நியாயமாக இராது. நிறையச் சாதனங்கள் ஓடுகிற வீட்டுக்குக் குறைவாகவும், ஒரு விளக்கும் ஒரு கம்ப்யூட்டரும் மட்டும் ஓடுகிற வீட்டுக்கு மிகுதியாகவும் வரும்! நியூட்ரல் அறாத நாளிலும், மின்சாரம் திரும்பியவுடன் தெருவிலுள்ள மோட்டார், பிரிட்ஜ் எல்லாம் ஒரே மூச்சில் இழுப்பதால் வோல்ட்டேஜ் ஏறி இறங்கும். இரண்டு மூன்று தடவை போய்ப் போய் வரும். எஸ்.எம்.பி.எஸ்-க்குள் இருக்கும் கெபாசிட்டர் 230 வோல்ட்டிலேயே சுமார் 325 வோல்ட்டைத் தேக்கி வைக்கிறது. நம் ஊர் வெயிலில் சில ஆண்டுகள் காய்ந்து களைத்த கெபாசிட்டர் அந்த அடியைத் தாங்குமா?

ஆதலால் மின்சாரம் போனதும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ப்ளக்கையே பிடுங்கிவிடவேண்டும். வந்தபின் பத்து நிமிஷம் விளக்கையும் விசிறியையும் கவனித்துவிட்டுச் செருகலாம். கம்ப்யூட்டர் உயிர் பெறாவிட்டால், ப்ளக்கை எடுத்துவிட்டு, அதன் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, மறுபடி செருகிப் பார்க்கவேண்டும். விசிறியும் சுழலாமல் விளக்கும் எரியாமல் இருந்தால் முதலில் சந்தேகிக்கவேண்டியது எஸ்.எம்.பி.எஸ்-ஐத்தான். விசிறி சுழன்று திரை மட்டும் இருண்டிருந்தால், 'ராம்' பட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டினாலே சில சமயம் சரியாகும். தேதி பழைய ஆண்டுக்குப் போய்விட்டதா? உள்ளே காசுபோல் இருக்கும் 3 வோல்ட் பாட்டரியை மாற்றவேண்டியதுதான். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் வீட்டில் திறக்கலாகாது. ப்ளக்கைப் பிடுங்கிய பின்பும் அதற்குள் மின்சாரம் பதுங்கியிருக்கும்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அதில் 'நார்மல்', 'யூ.பி.எஸ்.' என்று இரு நிலைகள் உண்டா என்று பார்க்கட்டும். நார்மலில் வைத்தால் ஏற்றத்தாழ்வான வோல்ட்டேஜையும் அது உள்ளே விட்டுவிடும், மாறுவதற்கும் தாமதிக்கும். கம்ப்யூட்டர் இருக்கும் வீட்டில் யூ.பி.எஸ். நிலையே ஏற்றது.

இன்னொரு சமாசாரத்தை நம் ஜில்லாக்காரர்களுக்கென்றே சொல்லவேண்டும். மழை குறைந்த வறண்ட பூமிதான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் இங்கே இடம் கொடுத்தது. அந்த வறட்சியே வீட்டு எர்த்துக்குச் சத்துரு. கரிசல் மண் ஈரமாக இருக்கையில் மின்சாரத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும். காய்ந்தால் பிளந்து எர்த் குழாயை விட்டு விலகிவிடும். அப்புறம் ஸர்ஜ் ப்ரொடெக்டர் என்று விலை கொடுத்து வாங்கிய பட்டை பாதி வேலைதான் செய்யும். பட்டாசு ஆலையில் தொழிலாளி உடம்பிலுள்ள சிறு மின்னேற்றத்தைக்கூட மண்ணுக்குள் இறக்கிவிடவேண்டும் என்கிறார்கள். இடி மின்னல் கண்டால் வேலையை நிறுத்தவேண்டும் என்பதும் அங்கே விதி. அந்த ஆலையிலிருந்து திரும்பி வருகிறவரின் வீட்டில் எர்த் குழி எங்கே என்று கேட்டால், துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் இருக்கலாம் என்கிறார்கள்!

கரியும் உப்பும் இட்ட அந்தக் குழியைத் தேடிக் கண்டுபிடித்து, சித்திரை வைகாசியில் வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வரலாம். துவைத்த தண்ணீரே போதும்.